1922 நவம்பரில் என்னவெல்லாம் நடந்தது? யாரெல்லாம் பிறந்தார்கள்?

என்னைக் கேட்டால் அது எகிப்தின் மாதம். நவம்பர் 4 அன்று அரசர்களின் பள்ளத்தாக்கில், பழங்காலத் தொழிலாளர் குடிசைகளின் இடிபாடுகளுக்கு அடியில் ஒரு கல்படி தென்பட்டது. தோண்டத் தோண்ட மேலும் படிகள், பிறகு முத்திரையிட்ட கதவு. அகழாய்வை நடத்திய தொல்லியலாளர் ஹோவர்ட் கார்ட்டர் அதை உடனே திறக்கவில்லை. அகழாய்வுக்குச் செலவு செய்துவந்த கார்னார்வன் பிரபு இங்கிலாந்தில் இருந்ததால், அவருக்குத் தந்தி கொடுத்துவிட்டு படிகளைத் திரும்ப மூடிவைத்தார். அந்தப் பொறுமை எத்தனை பேருக்கு வரும்! பிரபு வந்துசேர்ந்தபின், 26ஆம் தேதி இரண்டாவது கதவில் துளையிட்டு, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பண்டைய எகிப்திய அரசன் துட்டன்காமனின் கல்லறைக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

அதே மாதம் 1ஆம் தேதி துருக்கியில் ஒட்டோமான் சுல்தான் ஆட்சி ஒழிக்கப்பட்டது. 14ஆம் தேதி லண்டனில் பிபிசி வானொலி ஒலிபரப்பைத் தொடங்கியது. 1921ஆம் ஆண்டின் நோபல் பரிசு ஐன்ஸ்டைனுக்கு என்று அறிவித்ததும் இந்த நவம்பரில்தான். அதுவும் சார்பியலுக்கு அல்ல, ஒளி பட்டால் உலோகத்திலிருந்து எலக்ட்ரான்கள் வெளியேறும் ஒளிமின் விளைவுக்கு. அப்போது அவர் ஜப்பானுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தார்.

பிறந்தநாள்களா? 8ஆம் தேதி தென்னாப்பிரிக்காவில் கிறிஸ்டியான் பர்னார்ட். 1967இல் மனிதருக்கு மனித இதயத்தை முதன்முதலில் மாற்றிப் பொருத்தியவர். 16ஆம் தேதி போர்ச்சுகலில் ஜோசே சரமாகோ. இலக்கிய நோபல் அவருக்கு 1998இல் கிடைத்தது.