இன்னொன்று சேர்க்கலாமா? வீட்டு விலங்குகளின் எண்ணிக்கை குறித்த கேள்வி பதில்

கேள்வி (வளசரவாக்கம்): அக்கா, ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட். நானும் கணவரும் வேலைக்குப் போறோம். மூணு பூனை இருக்கு. கீழே பார்க்கிங்கில் ஒரு குட்டி சுத்துது. நாலாவதா எடுக்கலாமா? எத்தனைக்கு மேல போனா அதிகம்?

பதில்: சதுர அடியை வைத்துப் போடும் கணக்கு பூனைக்குப் பொருந்தாது. மூன்றே விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது கதவு. ஒன்றுக்கு உடம்பு சரியில்லை என்றால், மற்றவை நுழையாதபடி ஒரு அறையை இரண்டு வாரம் அதற்கே விட முடியுமா? குளியலறையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். நீங்களே நாலு தடவை போய் வரும் இடத்தில் தொற்று தங்காது, கூடவே வெளியே வரும்.

இரண்டாவது கண். நேற்று எது எவ்வளவு சாப்பிட்டது, மலம் கெட்டியா இளக்கமா, சிறுநீர் போனதா என்று ஒவ்வொன்றுக்கும் சொல்ல முடிகிறதா? "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்பதுதான் உங்கள் பதில் என்றால், இப்போதே எல்லையில் நிற்கிறீர்கள். பூனை நோயை மறைக்கும். இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தால், அதுவும் பருமனான பூனையாக இருந்தால், கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும். பொதுத் தட்டில் போட்டால் மீதியை இன்னொன்று காலி செய்துவிடும். சாப்பிடாதது எது என்று யாருக்கும் தெரியாது. தனித்தனித் தட்டு, தனித்தனி மூலை, 20 நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுவது. இது பழக்கமாகாமல் நாலாவது வேண்டாம்.

மூன்றாவது பணம். 4 கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த பூனைக்கு உலர் தீவனம் மட்டும் போட்டால் நாளுக்கு 55 முதல் 60 கிராம் வேண்டும். நாலு பூனைக்கு மாதம் சுமார் 7 கிலோ. இது நல்ல மாதத்தின் செலவு. ஒரே மாதத்தில் இரண்டு பூனை படுத்தால் கடன் வாங்காமல் சமாளிக்க முடியுமா என்பதுதான் நிஜமான கேள்வி.

மூன்றுக்கும் "ஆம்" என்றால், இருப்பவை எல்லாம் கருத்தடை செய்தவை என்றால், நாலு சரி. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் ஐந்தாவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

கேள்வி (திருச்சி): ஐந்து பூனை. மலம், மூத்திரம் போக மண் நிரப்பி வைக்கும் லிட்டர் ட்ரே ரெண்டுதான். கொஞ்ச நாளாக ஒரு கடுவன் சோபாவில் மூத்திரம் போகிறது. அடம் பிடிக்கிறதா?

பதில்: அடம் இல்லை. முதலில் ஒன்று உறுதியாகத் தெரிய வேண்டும்: சிறுநீர் தாராளமாகப் போகிறதா, சொட்டுச் சொட்டாகவா? ட்ரேயில் உட்கார்ந்து முக்குகிறது, கத்துகிறது, அடிக்கடி நக்குகிறது, ஒன்றும் வரவில்லை என்றால் சிறுநீர்ப் பாதை அடைபட்டிருக்கலாம். கடுவனுக்குப் பாதை குறுகல் என்பதால் இது வரும். காலை வரை பொறுக்காதீர்கள், அன்றிரவே மருத்துவரிடம் ஓடுங்கள். ஓரிரு நாளில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடும். ஐந்து பூனை இரண்டு ட்ரேயைப் பங்கு போடும் வீட்டில் இது தாமதமாகத்தான் கண்ணில் படும்.

அடைப்பு இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகு ட்ரேக்கு வாருங்கள். பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டுங்கள்: உங்களுக்கு ஆறு. ஆறையும் பால்கனியில் வரிசையாக வைத்தால் பூனைக்கு அது ஒரே ட்ரேதான். வாசலில் ஒரு முரட்டுப் பூனை உட்கார்ந்தால் ஆறும் அடைபட்டுவிடும். வெவ்வேறு அறை, முடிந்தால் இரண்டு பக்கம் வழி. நீளம் பூனையின் உடலைப் போல ஒன்றரை மடங்கு. ஒரு நாளைக்கு இரண்டு முறை அள்ள வேண்டும்.

ஆறு ட்ரே வைக்க இடமே இல்லை என்றால், அந்த வீட்டுக்கு ஐந்து பூனை அதிகம்.

கேள்வி (மதுரை): தெருவில் எடுத்த குட்டியை வீட்டுப் பூனைகளோடு எப்போது விடலாம்?

பதில்: குறைந்தது 14 நாள் தனி அறை. தனித் தட்டு, தனி ட்ரே, தனித் துடைப்பம். முதலில் வீட்டுப் பூனைகளைக் கவனியுங்கள், குட்டியிடம் கடைசியாகப் போங்கள், வெளியே வந்ததும் கை கழுவி உடை மாற்றுங்கள். இதற்குள் குடற்புழு மருந்து, எஃப்ஐவி (எதிர்ப்புச் சக்தியைக் கெடுக்கும் வைரஸ்), எஃப்இஎல்வி (ரத்தப் புற்றுநோய் தரக்கூடிய வைரஸ்) இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை, 8 வாரம் ஆகியிருந்தால் முதல் தடுப்பூசி எல்லாம் முடித்துவிடலாம். வெறிநோய்த் தடுப்பூசி 3 மாதத்தில்.

பூனைகளுக்குக் கடும் வாந்தி பேதி தரும் பார்வோ வைரஸ் தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஸ்பிரிட், சானிடைசர் அதை ஒன்றும் செய்யாது. ஃபினாயிலோ பூனைக்கே விஷம்: நடந்த பாதத்தை நக்கும்போது உள்ளே போகிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து, தெளிந்த நீரைத் தரையில் விட்டு 10 நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள். அதற்கு முன் மலத்தையும் சிறுநீரையும் சோப்புத் தண்ணீரில் சுத்தமாக எடுத்துவிட வேண்டும். அழுக்கு இருந்தால் குளோரின் வேலை செய்யாது. சிறுநீரின் மேல் பிளீச் பட்டால் நெஞ்சை அடைக்கும் வாயு கிளம்பும்.

14 நாள் முடிந்ததும் நேரே விடாதீர்கள். துணியை மாற்றிப் போட்டு வாசனை பழக்குங்கள், மூடிய கதவின் இரு பக்கமும் சாப்பாடு வையுங்கள், பிறகு வலைக்கதவு. சீறாமல் சாப்பிட்டால் அடுத்த படி. சில வீடுகளில் ஒரு வாரம், சில வீடுகளில் ஒன்றரை மாதம்.

கேள்வி (கோவை): ரெண்டு நாட்டு நாய், ரெண்டு பூனை. உண்ணி போகவே மாட்டேங்குது. மருந்து மேல மருந்து போட்டாச்சு.

பதில்: நாய் மேல் தெரிவது கொஞ்சம்தான். இரத்தம் குடித்த பெட்டை உண்ணி இறங்கி, சுவர் விரிசலிலும் கட்டில் மூட்டிலும் ஆயிரக்கணக்கில் முட்டை வைக்கும். இன்று ஒரு நாய்க்கு, அடுத்த வாரம் மற்றதற்கு என்றால் தீராது. இரண்டுக்கும் ஒரே நாளில், மருத்துவர் சொல்லும் இடைவெளி தவறாமல், மூன்று நான்கு மாதம் தொடருங்கள். விரிசல்களைச் சிமெண்டால் அடையுங்கள்.

உங்கள் வீட்டில் பூனையும் இருப்பதால் கவனம்: பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து பூனையைக் கொல்லும். நாயின் மேல் பூசியதை உரசினாலே நடுக்கமும் வலிப்பும் வரும். டப்பாவில் அந்தப் பெயர் இருந்தால் வாங்கவே வேண்டாம்.

கேள்வி (சேலம்): பையனுக்கு ஒரு ஜோடி முயல் வாங்கலாம்னு இருக்கேன் அண்ணி. ரெண்டுதானே?

பதில்: ரெண்டாக இருக்காது. கர்ப்பம் 31 நாள்தான், குட்டி போட்ட அன்றே மறுபடி சினையாகும். கடைக்காரர் "ரெண்டும் பெட்டை" என்பதை நம்பாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். 30 டிகிரிக்கு மேல் முயல் தவிக்கும். சேலத்துச் சித்திரை வெயிலில் மொட்டை மாடிக் கூண்டு அதற்குச் சாவு.

கேள்வி (சென்னை): அபார்ட்மெண்ட் சங்கம், "வீட்டுக்கு ஒரு நாய்தான்" என்று தீர்மானம் போடுகிறது. செல்லுமா?

பதில்: வளர்ப்பு விலங்குகளைச் சங்கம் தடை செய்யக் கூடாது, பெரும்பான்மை ஓட்டு இருந்தாலும் கூடாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அதைக் காட்டிப் பேசுங்கள். கையில் மாநகராட்சி உரிமமும் வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றும் இருக்கட்டும். ஆனால் பகல் முழுக்கக் குரைப்பும் லிஃப்டில் மூத்திரமும் இருந்தால் அண்டை வீட்டாரின் குறை நியாயமானது. பச்சைக் கிளி, நட்சத்திர ஆமை வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி ஒன்றே ஒன்று வைத்திருந்தாலும் குற்றம்.

கேள்வி (தஞ்சாவூர்): அம்மா தனியாக இருக்கிறார். நாலு பூனை இப்போது 19 ஆகிவிட்டது. வீட்டில் கண் எரிகிறது. குறை சொன்னால் அழுகிறார். எங்கே தொடங்குவது?

பதில்: கண் எரிவது அம்மோனியா. அம்மாவின் நுரையீரலுக்கும் கெடுதல், பூனைகளின் சளித் தொல்லைக்கும் அதுதான் துணை. ஆனாலும் பூனைகளைத் தூக்குவதில் தொடங்காதீர்கள். அம்மா கதவைச் சாத்திவிடுவார்.

முதல் நாள், நாலு மாதம் தாண்டிய ஆண்களை எல்லாம் ஒரு அறைக்கு மாற்றுங்கள். பூனை 4 மாதத்திலேயே பருவத்துக்கு வரலாம், பால் கொடுக்கும்போதே மறுபடி சினையாகலாம், 9 வாரத்தில் குட்டி போடும். பிரிப்பதற்குப் பணம் தேவையில்லை, புதிதாகச் சினையாவது அன்றே நிற்கிறது. பிறகு கருத்தடை: ஆண்களுக்குச் சிறிய அறுவை, ஒரே நாளில் பலவற்றை முடிக்கலாம். ஆனால் அறுவைக்குப் பிறகும் ஐந்தாறு வாரம் வரை சினைப்படுத்தும் சக்தி இருக்கும், உடனே பெட்டைகளோடு விடாதீர்கள். பால் கொடுக்கும் தாய்க்குக் குட்டிகள் பால் மறந்ததும், சுமார் 8 வாரத்தில்.

19-க்கும் பெயர், நிறம், வயது, கருத்தடைத் தேதி எழுதி ஒரு நோட்டு போடுங்கள். அதை அம்மாவே எழுதட்டும். எது எங்கே போகலாம் என்ற பேச்சு அந்த நோட்டிலிருந்து தானாக வரும். குட்டிகளையும் பழகிய இளம் பூனைகளையும் தத்துக் கொடுக்கலாம்; கிழடுகளும் நோயாளிகளும் அம்மாவிடமே இருக்கட்டும், அவற்றை வாங்க ஆளில்லை. காப்பகத்தில் மொத்தமாகக் கொண்டுபோய்விடுவது வேண்டாம், அங்கே இடநெருக்கடி இதைவிட மோசம்.

குறைத்த பிறகும் புதிது புதிதாக வந்து சேர்ந்தால், இறந்தவற்றைக் கூட அவர் கவனிக்காமல் இருந்தால், அது பாசம் மட்டுமல்ல. விலங்குகளை இப்படிச் சேர்ப்பதைச் சேர்ப்பு நோயின் (எதையும் விட முடியாமல் குவித்துக்கொண்டே போகும் மனக்கோளாறு) ஒரு வடிவமாக மனநல மருத்துவம் பார்க்கிறது. கால்நடை மருத்துவரோடு மனநல மருத்துவரையும் பாருங்கள். முதல் சந்திப்புக்கு நீங்களும் கூடப் போங்கள்.