மீபாய்ம ஹீலியத்தை வைத்துக் கரும்பொருளைப் பிடிக்க முடியுமா?

இதுவரை யாரும் பிடிக்கவில்லை. ஆனால் ஆசாமிகள் சும்மா தேடவில்லை, கணக்குப் போட்டுத்தான் தேடுகிறார்கள். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். "சார், கண்ணுக்கே தெரியாததை எப்படித் தேடுவாங்க?" என்று அவர்களும் விடுவதில்லை.

கரும்பொருள் ஒளியைத் தொடாது. அதன் ஈர்ப்பு மட்டும் தெரிகிறது. பிரபஞ்சத்திலுள்ள பொருளில் சுமார் 85 விழுக்காடு அதுதான் என்கிறார்கள். அதன் ஒரு துகள் எப்போதாவது ஓர் அணுக்கருவில் மோதாதா என்று அமெரிக்காவின் தென் டகோட்டாவில், ஏறக்குறைய 1.5 கிலோமீட்டர் ஆழத்தில், செனான் என்னும் வாயுவைத் திரவமாக்கி 7 டன் வைத்துக் காத்திருக்கிறார்கள். துகள் கனமாக இருந்தால் சரி. புரோட்டானைவிட லேசாக இருந்தால்? லாரி ஏறக் காத்திருக்கும் செம்பனைக் குலைமேல் கோலிக்குண்டு எறிந்த கதைதான், குலை அசையாது.

அதனால்தான் லங்காஸ்டர் பல்கலைக்கழகம் உள்ளிட்ட பிரிட்டிஷ் குழு ஒன்று ஹீலியத்தின் லேசான வகையான ஹீலியம்-3ஐக் கையில் எடுத்தது. அதன் கருவில் இருப்பது இரண்டு புரோட்டான், ஒரு நியூட்ரான், அவ்வளவே. ஒரு கெல்வினில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே குளிரவைத்தால் (சுழியம் கெல்வின் என்றால் சுமார் மைனஸ் 273 டிகிரி செல்சியஸ்; விண்வெளியே 2.7 கெல்வின்!) அணுக்கள் ஜோடி சேர்ந்து, உராய்வே இல்லாமல் ஓடும் மீபாய்மம் ஆகிவிடும். 1972இல் கண்டுபிடித்தது, 1996இல் நோபல் பரிசும் கிடைத்தது.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். அந்த ஜோடிகளைப் பிரிக்க மிகமிகக் கொஞ்ச ஆற்றல் போதும். லேசான துகள் ஒன்று இடித்தாலே ஏராளமான ஜோடிகள் உடைந்து சிதறும். உள்ளே தலைமுடியைவிடப் பலமடங்கு மெல்லிய கம்பி ஒன்று அதிர்ந்துகொண்டிருக்கும். சிதறியவை அதில் பட்டதும் அதிர்வு மட்டுப்படும். அந்த மாற்றத்தை ஸ்குவிட் என்னும் குவாண்டம் உணரி அளக்கும்.

சிக்கல் என்னவென்றால், விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிரும் சுற்றியுள்ள கதிரியக்கமும் இதே மாதிரி இடிக்கும். எது எது என்று பிரிப்பதில்தான் பாதி வேலை. அப்புறம் ஹீலியம்-3 கிடைப்பதே அரிது. பெரும்பாலும் அணு ஆயுதத்துக்கென வைத்த டிரிட்டியம் (கதிரியக்க ஹைட்ரஜன்) சிதைவதால் வருவது. டன் கணக்கில் கனவுகூடக் காண முடியாது.

கரும்பொருளாக இருக்கலாம் என்று நினைக்கும் இன்னொரு துகளான ஆக்சியானின் தேடல் வேறு கதை, அங்கே வலிமையான காந்தப்புலமும் மைக்ரோ அலையும் வரும். தனிக் கேள்வியாகக் கேளுங்கள், எழுதுகிறேன்.