வெள்ளை அணுக்களும் நைட்ரிக் ஆக்சைடும்: கேள்வி பதில்

(பதிலளிப்பவர், சென்னையில் உயிர்வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்ற உறுப்பினர்.)

பெரம்பூர் மாணவி: அழற்சியின்போது வெள்ளை அணுக்கள் நைட்ரிக் ஆக்சைடு வாயுவை எவ்வாறு உருவாக்குகின்றன, ஐயா?

பதில்: பாக்டீரியாவின் சுவர்ப்பொருளும் இன்டர்ஃபெரான் காமா என்னும் எதிர்ப்பாற்றல் சமிக்ஞைப் புரதமும் சேர்ந்து தூண்டும்போது, கிருமிகளை விழுங்கும் வெள்ளை அணுவான மேக்ரோஃபேஜ் அதுவரை தன்னிடம் இல்லாத ஒரு நொதியைச் சில மணி நேரத்தில் புதிதாக உருவாக்கிக்கொள்கிறது. அந்நொதி எல்-ஆர்ஜினைன் என்னும் அமினோ அமிலத்தையும் ஆக்சிஜனையும் கொண்டு சிட்ருலின் என்னும் மற்றோர் அமினோ அமிலத்தையும் நைட்ரிக் ஆக்சைடையும் தருகிறது. இரத்தக் குழாயிலும் நரம்பிலும் உள்ள இதன் இனநொதிகள் கால்சியம் ஏறினால் இயங்கி, இறங்கினால் ஓய்ந்துவிடும். இதுவோ கால்சியத்தை உணரும் புரதமான கால்மோடுலினை எப்போதும் இறுகப் பற்றியிருப்பதால், கால்சியத்தை எதிர்பாராமல் மணிக்கணக்கில் வாயுவைப் பொழிகிறது. அவ்வாயு, ஆக்சிஜனிலிருந்து உருவாகும் வினைமிகு பொருளான சூப்பராக்சைடுடன் கூடிப் பெராக்ஸிநைட்ரைட் ஆகும்போது கிருமியும் சிதைகிறது, நம் திசுவும் புண்படுகிறது. ஆனால் இவற்றுள் பெரும்பகுதி எலியில் கண்டறியப்பட்டது என்பதை மறவாதீர்கள்.

தாம்பரம் நண்பர்: பல் மருத்துவர் தரும் சிரிப்பூட்டும் வாயு இதுதானா?

பதில்: இல்லை. அது நைட்ரஸ் ஆக்சைடு.

அண்ணா நகர் இளைஞர்: ஜிம்மில் விற்கும் ஆர்ஜினைன் பவுடர் எதிர்ப்பாற்றலைக் கூட்டுமா?

பதில்: நொதி தூண்டப்படாத வெள்ளை அணுவில் மூலப்பொருளை மட்டும் குவித்துப் பயனில்லை. மாரடைப்பு வந்தவர்களுக்கு ஆர்ஜினைன் கொடுத்துப் பார்த்து 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வு, அதை உட்கொண்ட பிரிவில் இறப்புகள் நேர்ந்ததால் இடையில் நிறுத்தப்பட்டது.

குரோம்பேட்டை வாசகர்: ஆர்ஜினைன் மாத்திரை?

பதில்: பவுடருக்குச் சொன்னதே மாத்திரைக்கும். பீட்ரூட் சாறு பற்றிக் கேட்க இருப்பவர்களுக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்: அது வாயிலுள்ள பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரைட்டாக்கும் வேறு வழி, வெள்ளை அணுவுக்கு அதில் பங்கில்லை.

சேத்துப்பட்டு ஆய்வு மாணவர்: காசநோய்க் கிருமியை இவ்வாயு அடக்குவது நிரூபணமான பிறகும் தாங்கள் ஏன் எலி, எலி என்கிறீர்கள்?

பதில்: அந்நொதியின் மரபணு நீக்கப்பட்ட எலிகள் காசநோயில் விரைவில் மடிகின்றன, அதில் எனக்கு ஐயமில்லை. மனித இரத்தத்திலிருந்து எடுத்து வளர்க்கும் மேக்ரோஃபேஜ்களோ அதே தூண்டலுக்கு மிகக் குறைவாகவே வாயுவைத் தருகின்றன.

மாணவர்: காசநோயாளிகளின் நுரையீரலைக் கழுவி எடுத்த மேக்ரோஃபேஜ்களில் அந்நொதி இருப்பதை 1996லேயே காட்டிவிட்டார்களே!

பதில்: காட்டினார்கள், ஏற்கிறேன். ஆனால் நொதி இருப்பதும் வாயு வேண்டிய அளவு வெளிப்படுவதும் ஒன்றல்ல. அந்நொதிக்கு டெட்ராஹைட்ரோபயோப்டெரின் என்னும் துணைப்பொருள் தேவை. மனித மேக்ரோஃபேஜ்கள் அதைப் போதிய அளவு உருவாக்காமல், பாதி வழியில் நின்று நியோப்டெரினை வெளியிடுகின்றன. இரத்தத்திலிருந்து வளர்த்த அணுவை நோயுற்ற நுரையீரலின் அணுவுக்கு ஈடாகக் கொள்ளவும் முடியாது என்று தாங்கள் உணர்த்தும் வாதம் வலுவானது. அதே கண்டிப்பை எலிக்கும் காட்டுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

அடையாறு வாசகி: செப்சிஸில், அதாவது தொற்றால் உடல் முழுதும் நிலைகுலையும் நிலையில், இவ்வாயு மிகுந்து இரத்த அழுத்தம் சரிகிறது என்றால், நொதியைத் தடுத்துவிடலாமே?

பதில்: தடுத்துப் பார்த்தார்கள். 2004இல் வெளியான பெரிய மருத்துவ ஆய்வில் அழுத்தம் உயர்ந்தது, இறப்பும் உயர்ந்தது. அந்த மருந்து மூன்று வகை நொதிகளையும் ஒருசேரத் தடுத்ததால், உறுப்புகளின் இரத்த ஓட்டத்துக்குத் தேவையான சிறிதளவு வாயுவும் அடைபட்டிருக்கக்கூடும்.

வேளச்சேரி வாசகர்: ஆஸ்துமாவுக்காக மூச்சில் அளந்த நைட்ரிக் ஆக்சைடு 50 பிபிபிக்கு (நூறு கோடியில் 50 பங்குக்கு) மேல் வந்துள்ளது. என் வெள்ளை அணுக்கள் மிகையாக இயங்குகின்றனவா?

பதில்: அது பெரும்பாலும் மூச்சுக்குழாயின் உள்தோல் அணுக்களிலிருந்து வருவது. அறிக்கையை நுரையீரல் மருத்துவரிடம் காட்டுங்கள்.