வாசகர் கேள்வி பதில்: மோஸ்கோவுக்கு 6.4 கோடி டாலர் எதுக்கு?

கேள்வி: சார், அமெரிக்க பாஸ்கெட்பால் லீக் என்பிஏல டீம் ஓனர்ங்க எல்லாம் பெரும் பணக்காரங்க. கான்ட்ராக்ட் முடிஞ்சு எந்த டீமுக்கும் போகக்கூடிய ஒரு ஃப்ரீ ஏஜென்ட்டுக்கு கொஞ்சம் அதிகமா குடுத்துட்டா குடியா முழுகிடும்? ரசிகர்ங்க ஏன் தன் வீட்டுக் காசு போன மாதிரி கத்துறாங்க?

ஓனர் காசைப் பத்தி யாருக்குங்க கவலை, அதை அவர் பாத்துக்குவார். பிரச்சனை சேலரி கேப்ல இருக்கு. ஒரு சீசனுக்கு ப்ளேயர் சம்பளம் மொத்தமா இவ்வளவுதான்னு லீக் ஒரு கோடு போட்டு வச்சிருக்கு, 2025-26க்கு அது சுமார் 15.5 கோடி டாலர். அந்தக் கோட்டைத் தாண்டவே கூடாதுன்னு இல்ல, சொந்த ஆளைத் தக்கவச்சுக்கணும்னா தாண்டலாம், அதுக்கு லேரி பேர்ட் பேர்லயே ஒரு விதி இருக்கு. ஆனா வெளி டீம்லேர்ந்து ஒரு பெரிய ஆளை ஃப்ரீ ஏஜென்ட்டா தூக்கணும்னா கேப்புக்குள்ள காலி இடம் இருந்தாகணும். அதுக்கு மேல லக்ஸுரி டேக்ஸ்னு ஒரு அபராத வரிக் கோடு, அதுக்கும் மேல ஆப்ரன்னு ரெண்டு கோடு, அதைப் பத்தி கீழ ஒருத்தர் கேட்டிருக்கார்.

இன்னொண்ணு, இங்க பெரும்பாலான கான்ட்ராக்ட் முழு கேரண்டி. ஆளுக்கு முட்டி போச்சு, ஃபார்ம் போச்சு, கோச்சுக்கும் அவருக்கும் ஆகல, எதுவா இருந்தாலும் கையெழுத்து போட்ட சம்பளம் போயே ஆகணும், கேப்ல அந்த எண்ணும் அப்படியே உக்காந்திருக்கும். அதனால வருஷத்துக்கு 1.8 கோடி வாங்குற ஒருத்தர் பெஞ்சுல இருந்தார்னா, அந்த 1.8 கோடிக்கு வந்திருக்கக்கூடிய வேற ஆள் நாலு வருஷத்துக்கு வரமாட்டார். ரசிகன் கத்துறது அதுக்குத்தான்.

கேள்வி: 2016ஐ பத்தி எல்லாரும் சிரிச்சுக்கிட்டே பேசுறாங்களே, அன்னைக்கு அப்படி என்னதான் ஆச்சு?

ஆஹா, இதைக் கேட்டா எனக்கு நிறுத்தத் தெரியாது. 2014 அக்டோபர்ல என்பிஏ டிவி கம்பெனிங்களோட 9 வருஷத்துக்கு 2,400 கோடி டாலர் டீல் போட்டுச்சு. கேப்ங்கறது லீக் வருமானத்தை வச்சு கணக்கு போடுற விஷயம், அதனால அந்தப் பணம் உள்ள வந்தவுடனே கேப்பும் எகிறும். ஒரே அடியா ஏறினா குழப்பமாயிடும், கொஞ்சம் கொஞ்சமா ஏத்துவோம்னு லீக் சொல்லிப் பாத்துச்சு, ப்ளேயர்ஸ் யூனியன் முடியாதுன்னுடுச்சு. 2015-16ல 7 கோடி டாலரா இருந்த கேப் அடுத்த சீசன்லயே 9.4 கோடிக்கு மேல போயிடுச்சு. லீக்ல பாதிக்கு மேல டீம் கையில திடீர்னு காலி இடம், ஆனா மார்க்கெட்ல நல்ல ப்ளேயர் எண்ணிக்கை அதேதான். ஒரே முகூர்த்த நாளுக்கு ஊர்ல எல்லாரும் மண்டபம் தேடினா என்ன ஆகும்? தோட்டத்துல தகரக் கொட்டாய் போட்டு வச்சிருக்கவன் கூட மண்டப வாடகை கேப்பான்ல, அதான் ஆச்சு.

ஜூலை 1 நள்ளிரவுக்கு பேச்சுவார்த்தை ஆரம்பிச்ச கையோட லேக்கர்ஸ் தூக்கினது யாரைன்னு நினைக்கிறீங்க, திமோஃபி மோஸ்கோவ். 7 அடி உயர ரஷ்ய சென்டர். அதுக்கு சில நாளைக்கு முன்னாடிதான் கிளீவ்லாண்ட் கப் ஜெயிச்சிருந்தது, அந்த ஃபைனல்ஸ்ல மனுஷன் பெரும்பாலும் பெஞ்சுல உக்காந்து கைதட்டிக்கிட்டு இருந்தவர். அவருக்கு 4 வருஷம், 6.4 கோடி டாலர். பின்னாடியே லுவோல் டெங்குக்கு 4 வருஷம் 7.2 கோடி. டெங் சாதாரண ஆள் இல்ல, சிகாகோல டாம் திபடோ கோச்சா இருந்தப்போ ரெண்டு சீசன் ஒரு மேட்ச்சுக்கு அதிக நிமிஷம் ஆடின ப்ளேயரே அவர்தான். ஆனா அந்த நிமிஷமெல்லாம் காலுக்குள்ள தேய்மானமா எழுதியிருக்கும்ல, கையெழுத்து போட்டப்போ அவருக்கு வயசு 31. முதல் சீசன்ல 56 மேட்ச், ரெண்டாவது சீசன்ல ஒரே ஒரு மேட்ச், அப்புறம் 2018ல பைஅவுட், அதாவது கொஞ்சம் சம்பளத்தை விட்டுக்குடுத்து கான்ட்ராக்ட்டை முடிச்சுக்கிறது.

சிகாகோலேர்ந்து ஜோவாகிம் நோவாவை நியூயார்க் நிக்ஸ் எடுத்தாங்க, அவரும் அங்க திபடோகிட்ட ஆடினவர்தான், அவருக்கும் 4 வருஷம் 7.2 கோடி. 2014ல லீக்லயே சிறந்த டிஃபென்ஸ் ப்ளேயர்னு விருது வாங்கினவர், நியூயார்க்ல பொறந்தவர், எல்லாம் சரி, ஆனா முந்தின சீசன்ல தோள்பட்டை போய் 29 மேட்ச்தான் ஆடியிருந்தார். நிக்ஸுக்காக மொத்தம் ஆடினது 53 மேட்ச், அதுக்கு நடுவுல தடை செஞ்ச மருந்துக்காக 20 மேட்ச் சஸ்பென்ஷன் வேற. மெம்ஃபிஸ்ல சாண்ட்லர் பார்சன்ஸ், சுமார் 9.4 கோடி, மூணு சீசன்ல 95 மேட்ச். அவருக்கும் முட்டிப் பிரச்சனை இருக்குன்னு முன்னாடியே ஊருக்கே தெரியும்.

போர்ட்லாண்ட் கதை கொஞ்சம் வேற. எவன் டர்னருக்கு 7 கோடி, ஆலன் கிராப்புக்கு புரூக்ளின் போட்ட 7.5 கோடி ஆஃபரை அதே தொகைக்கு மேட்ச் பண்ணி திருப்பி இழுத்துக்கிட்டாங்க, மையர்ஸ் லெனர்டுக்கு 4.1 கோடி. முந்தின சீசன்ல 44 ஜெயிச்ச டீம் அடுத்த சீசன்ல 41. இதுல வேடிக்கை என்னன்னா ஒரு வருஷம் கழிச்சு கிராப்பை அதே புரூக்ளினுக்கே தள்ளிவிட்டாங்க, பதிலுக்கு வந்த ஆண்ட்ரூ நிக்கல்சனை ஆட வைக்காமலே ரிலீஸ் பண்ணி அவர் சம்பளத்தை 7 வருஷத்துக்கு நீட்டினாங்க, வருஷத்துக்கு சுமார் 28 லட்சம் டாலர், 2023-24 வரைக்கும். போர்ட்லாண்டுக்காக ஒரு மேட்ச் கூட ஆடாத மனுஷன் பேர் அத்தனை வருஷம் கணக்குல.

அதே கேப் உயர்வுல கோல்டன் ஸ்டேட்டுக்கும் இடம் கிடைச்சுது, அவங்க கெவின் டுராண்டை எடுத்தாங்க, அடுத்தடுத்து ரெண்டு கப். ஒரே சந்தை, ஒரே வாரம்!

கேள்வி: டீம் கட்டுற ஜெனரல் மேனேஜர், இந்த ஜிஎம்ங்க எல்லாம் அவ்வளவு முட்டாளா? அவங்ககிட்ட டேட்டா இல்லாததா?

முட்டாள் இல்லைங்க, அவங்க இருக்குற இடம் அப்படி. ஒரு ப்ளேயருக்கு பத்து டீம் மதிப்பு போடுதுன்னு வைங்க, சிலர் கம்மியா போடுவாங்க சிலர் கூட போடுவாங்க, உண்மை மதிப்பு நடுவுல எங்கயோ இருக்கும், ஆனா ஏலத்துல ஜெயிக்கிறது யாரு, எல்லாரையும் விட கூட போட்டவன். அப்போ ஜெயிச்சதே கணக்கு தப்புன்னு சந்தேகப்பட ஒரு காரணம். இது ஒண்ணு. ரெண்டாவது, காசு குடுக்கறது போன மூணு வருஷ ஆட்டத்தைப் பாத்து, ஆட்டம் வேணும்கறது வரப்போற நாலு வருஷத்துக்கு, முப்பதைத் தாண்டின ஆள்னா இந்த ரெண்டும் ஒண்ணா இருக்காது.

மூணாவதுதான் எனக்கு முக்கியமா படுது, ஜிஎம்மோட சொந்த நாற்காலி. 2015-16ல லேக்கர்ஸ் 17 மேட்ச்தான் ஜெயிச்சது, டீமோட ஸ்டார் கோபி பிரையன்ட் ரிட்டயர் ஆயிட்டார், மேல இருக்கவங்க மேல ஏகப்பட்ட பிரஷர், இளம் பசங்களை வச்சு பொறுமையா கட்டுறோம்னு சொன்னா கேக்க ஆள் இல்ல. நாலாவது வருஷம் அந்த கான்ட்ராக்ட் நாறும்போது நாம இருப்போமா மாட்டோமான்னே தெரியாதப்போ யாரும் முதல் வருஷத்தைத்தான் பாப்பாங்க. ஜிஎம் மிட்ச் குப்சாக், அவருக்கு மேல இருந்த ஜிம் பஸ் ரெண்டு பேரையும் 2017 பிப்ரவரியிலயே அனுப்பிட்டாங்க, கையெழுத்து போட்டு எட்டு மாசம் கூட முழுசா ஆகல.

அப்புறம் சொந்த ப்ளேயரை விட மனசு வராதது. கிராப்பை விட்டிருந்தா போர்ட்லாண்டுக்கு அந்த 7.5 கோடி இடம் அப்படியே கிடைச்சிருக்காது, டீம் ஏற்கனவே கேப் மேல நின்னுச்சு, ஆள்தான் போயிருப்பான். சும்மா போறதை விட கூடக் குடுத்தாவது வச்சுக்கலாம்கற யோசனை. மியாமியும் இப்படித்தான் டைலர் ஜான்சனுக்கு புரூக்ளின் போட்ட 4 வருஷ 5 கோடியை மேட்ச் பண்ணுச்சு, முதல் ரெண்டு வருஷம் 60 லட்சத்துக்குள்ள, அடுத்த ரெண்டு வருஷம் தலா 1.9 கோடிக்கு மேல. கடைசி ரெண்டு வருஷம் யாருக்குத் தலைவலியோ!

கேள்வி: தப்பான கான்ட்ராக்ட் போட்டுட்டா வெளிய வர வழியே இல்லையா அண்ணா?

இருக்கு தம்பி, ஆனா ஒவ்வொண்ணுக்கும் விலை இருக்கு. வேற டீமுக்கு டிரேடுல தள்ளலாம், வாங்குறவன் சும்மா வாங்கமாட்டான். மோஸ்கோவை 2017ல புரூக்ளின் எடுத்துக்கிச்சு, கூடவே 2015 டிராஃப்ட்ல, அதாவது டீம்ங்க புது ப்ளேயரை வரிசையா எடுக்குற நிகழ்ச்சியில, ரெண்டாவதா எடுத்த டி'ஆஞ்சலோ ரசலையும் சேத்துக் குடுத்தாங்க. ப்ரூக் லோபஸும் டிராஃப்ட்ல 27வதா ஆளெடுக்குற உரிமையும் (பிக்) பதிலுக்கு வந்தது உண்மை, அந்தப் பிக்ல கைல் குஸ்மா வந்தார், இடம் காலியானதும் 2018ல லெப்ரான் வர உதவிச்சு, அதனால அது மோசமான டிரேடுன்னு நான் சொல்லமாட்டேன். ஆனா ரசல் 2019ல புரூக்ளின் ஜெர்சியில ஆல்-ஸ்டார் ஆனார். மோஸ்கோவ் இல்லாம இருந்திருந்தா அவரைத் தனியா வித்து இன்னும் என்னென்னவோ வாங்கியிருக்கலாமே.

ஸ்ட்ரெச்னு ஒரு வழி இருக்கு. ஆளை ரிலீஸ் பண்ணிட்டு மிச்ச சம்பளத்தை, மிச்ச வருஷத்தோட ரெண்டு மடங்கு கூட ஒண்ணு, அத்தனை வருஷத்துக்குப் பிரிச்சுக்கலாம். டெங்குக்கு நடப்பு சீசன் போக ஒரு வருஷம் மிச்சம், அது மூணு வருஷம் ஆச்சு, 2020ல லேக்கர்ஸ் கப் தூக்கினப்போ கூட டெங் பேர்ல சுமார் 50 லட்சம் டாலர் கேப்ல கிடந்துச்சு, அவர் அதுக்குள்ள ரிட்டயரே ஆயிட்டார். டெட்ராய்ட் ஜோஷ் ஸ்மித்தை 2014 டிசம்பர்ல அனுப்பிச்சு, 2019-20 வரைக்கும் கட்டிக்கிட்டு இருந்துச்சு.

முன்னாடி அமனஸ்டின்னு ஒரு பொது மன்னிப்பு மாதிரி இருந்துச்சு, சம்பளம் குடுப்ப ஆனா கேப்ல சேராது. 2008ல 6 வருஷம் 11.1 கோடிக்கு கையெழுத்து போட்டு அடுத்த சீசன்ல ரெண்டே மேட்ச் ஆடின கில்பர்ட் அரீனாஸை கடைசியில ஆர்லாண்டோ அந்த வழியிலதான் 2011ல கழட்டி விட்டுச்சு. இப்போ அந்தக் கதவு கிடையாது.

கேள்வி: செகண்ட் ஆப்ரன், செகண்ட் ஆப்ரன்னு சொல்றாங்களே, அது வந்து என்ன மாறிச்சு?

லீக்கும் ப்ளேயர்ஸ் யூனியனும் போட்ட 2023 ஒப்பந்தத்துல வந்த கோடு, 2025-26ல சுமார் 20.8 கோடி டாலர். அதைத் தாண்டிட்டா பண அபராதத்தோட விடமாட்டாங்க, கையைக் கட்டிடுவாங்க. ரெண்டு ப்ளேயர் சம்பளத்தைச் சேத்து ஒரு பெரிய ஆளை டிரேடுல வாங்க முடியாது, டிரேடுல பணம் அனுப்ப முடியாது, ஏழு வருஷம் தள்ளி இருக்குற முதல் ரவுண்ட் பிக் கூட முடங்கிடும். முன்னாடி பணக்கார ஓனர் டேக்ஸைக் கட்டிட்டு தப்பை மறைச்சுடுவார், இப்போ மறைக்க முடியாது.

ஃபீனிக்ஸைப் பாருங்க. பிராட்லி பீல் 2022ல வாஷிங்டனோட 5 வருஷம் 25.1 கோடிக்கு கையெழுத்து போட்டார், அதுவும் என் சம்மதம் இல்லாம டிரேடு பண்ணக்கூடாதுங்கற ஷரத்தோட. அந்த ஷரத்து அடுத்த வருஷம் அவரோடயே ஃபீனிக்ஸுக்கு வந்துடுச்சு. ரெண்டு சீசனும் 53, 53 மேட்ச். டுராண்ட், புக்கர், பீல் மூணு பேர் சம்பளத்துலயே டீம் செகண்ட் ஆப்ரனுக்கு மேல, 2024-25ல 36 ஜெயிப்பு, பிளேஆஃபே இல்ல. 2025 ஜூலைல பைஅவுட் பண்ணி ஸ்ட்ரெச் பண்ணினாங்க, வருஷத்துக்கு சுமார் 1.94 கோடி டாலர், 2029-30 வரைக்கும். பீல் கிளிப்பர்ஸுக்குப் போயிட்டார்.

கேள்வி: கூடக் குடுத்தாலே தப்புன்னு சொல்றீங்களா?

இல்லவே இல்ல. 2022ல நிக்ஸ் ஜேலன் பிரன்சனுக்கு 4 வருஷம் 10.4 கோடி குடுத்தப்போ, ஆல்-ஸ்டார் கூட ஆகாத ஆளுக்கு இவ்வளவான்னு கேட்டவங்க நிறைய. இன்னைக்கு அது திருட்டு விலை. ஆனா அப்போ அவருக்கு வயசு 25, ஏறுற வயசு, நோவாவுக்கு 31.

ஹூஸ்டன் 2023ல ஃபிரெட் வான்வ்லீட்டுக்கு 3 வருஷத்துக்கு கிட்டத்தட்ட 13 கோடி குடுத்ததும் அப்பட்டமா அதிக விலைதான், அவங்களுக்கே தெரியும். ஆனா கேப்ல இடம் சும்மா கிடந்துச்சு, டீம் பூரா சின்னப் பசங்க, பந்தைக் கையில வச்சு வழி நடத்த ஒரு பெரியவர் வேணும், முக்கியமா மூணாவது வருஷம் டீம் இஷ்டம். 22 ஜெயிச்ச டீம் 41, அப்புறம் 52. 2025ல அந்த 4.49 கோடி ஆப்ஷனை எடுக்காம 2 வருஷம் 5 கோடிக்கு மறுபடி கையெழுத்து வாங்கினாங்க. என்னைக் கேட்டா தொகையை விட வருஷக் கணக்கைத்தான் முதல்ல பாக்கணும்.

கேள்வி: ஐபிஎல்ல ரிஷப் பந்த் 27 கோடி ரூபாய்க்குப் போனாரே, அதுவும் இதே மாதிரிதானா?

ஏலத்துல சூடு ஏறுறது ஒண்ணுதான். ஆனா இங்க அடுத்த சீசனுக்கு முன்னாடி ரிலீஸ் பண்ணிட்டா பணம் பர்ஸுக்குத் திரும்பிடும். வெங்கடேஷ் ஐயரை 23.75 கோடிக்கு வாங்கின கொல்கத்தா ஒரு சீசன்லயே விட்டுடுச்சு, கணக்கு முடிஞ்சுது. இந்த வசதி மட்டும் என்பிஏ ஜிஎம்முக்கு இருந்தா!

கேள்வி: இப்போ 7,600 கோடி டாலருக்கு புது டிவி டீல் வந்திருக்கே, 2016 மறுபடி வருமா?

வராதுங்க. சூடுபட்ட லீக், கேப் வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல ஏறக்கூடாதுன்னு 2023லயே எழுதி வச்சுடுச்சு, 2025-26ல சரியா அந்தப் பத்து சதவீதம்தான் ஏறிச்சு. அந்த சம்மர்ல பெருசா காலி இடம் வச்சிருந்தது புரூக்ளின் மட்டும்தான், நல்ல ப்ளேயர்ங்க கூட ஆஃபர் இல்லாம காத்துக்கிட்டு இருந்தாங்க, கோல்டன் ஸ்டேட்டோட ஜொனாதன் குமிங்கா செப்டம்பர் கடைசி வரைக்கும் இழுத்தார். இப்போ பெரிய தப்பு நடக்குறதுன்னா பெரும்பாலும் ஃப்ரீ ஏஜென்சி தொடங்குறதுக்கு முன்னாடியே, சொந்த டீம் சொந்த ஆளோட கான்ட்ராக்ட்டை முன்கூட்டியே நீட்டுற எக்ஸ்டென்ஷன்ல நடக்குது, நள்ளிரவு அறிவிப்பு இல்லாததால யாரும் அதைப் பாத்து சிரிக்கிறதில்ல, அவ்வளவுதான்.