பதில்: கழிவுநீர்த் தொட்டியில் பாசி ஆறாம் நாள் மஞ்சளாகிவிட்டது

வணக்கம் அண்ணே. சாண எரிவாயுக் கலனிலிருந்து வரும் கழிவுநீரைப் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து குளோரெல்லா என்ற நுண்பாசியை விட்டதாகவும், ஐந்து நாள் பச்சையாக இருந்து ஆறாம் நாள் மஞ்சளித்து நுரைத்ததாகவும் எழுதியிருந்தீர்கள். மதியம் மூக்கைக் குத்தும் வாடை என்றீர்களே, அதுதான் துப்பு. அது கழிவுநீரில் உள்ள அமோனியாவின் வாடை.

பாசி வெயிலில் கரியமிலவாயுவை இழுக்க இழுக்க நீரின் காரத்தன்மை ஏறும். அதைக் காட்டும் அளவான பிஹெச் 7-இல் இருக்கும்போது அமோனியாவில் ஒரு சதவீதம்கூட பாசியைக் கெடுக்கும் நச்சு வடிவில் இராது. 30 டிகிரிச் சூட்டில் பிஹெச் 9-ஐத் தொட்டால் கிட்டத்தட்ட பாதி நச்சாகிவிடும். காரைக்குடி வெயிலைச் சொல்லவா வேண்டும்! காலையில் பார்த்தது போதாது, மதியம் இரண்டு மணிக்குப் பிஹெச் தாளை நனைத்துப் பாருங்கள். இன்னொன்று, அமோனியா குறைந்தால் பாசிதான் தின்றது என்று நம்பிவிடாதீர்கள். ஒரு பங்கு காற்றில் பறந்திருக்கலாம்.

முதலில் கழிவுநீரைத் துணியில் வடித்து, ஒன்றுக்குப் பத்துப் பங்காவது தண்ணீர் சேருங்கள். முற்றத்து மழைநீர்த் தொட்டி இருந்தால் அதுவே போதும். ஒரே நாளில் கொட்டாமல் தினமும் கொஞ்சமாக, அதுவும் மாலையில் விடுங்கள். ஆழம் ஒரு முழத்துக்குள் இருக்கட்டும். இந்தக் காபி நிற நீரில் வெளிச்சம் அதற்குக் கீழே இறங்காது.

அறுவடைக்கு வேட்டித் துணி உதவாது. இழை இழையான ஸ்பைருலினா பாசி சிக்கும், பொடியான குளோரெல்லா நழுவிவிடும். அடியில் படியவிட்டு, மேல்நீரைத் தென்னைக்கும் வண்டலை எருக்குழிக்கும் விடுங்கள். மாட்டுத் தீவனத்தில் மட்டும் இப்போதைக்கு வேண்டாம்.