கியர்பாக்சுக்கு 4,500 வெள்ளி போடுவதா, காரையே கொடுத்துவிடுவதா?

கேள்வி: சிங்கப்பூரில் ஈசூனில் இருக்கிறோம். எங்களுடைய 1.6 லிட்டர் ஜப்பானிய காருக்கு 9 ஆண்டு 7 மாதம் ஆகிறது. ஓடியது 138,000 கிலோமீட்டர். சிஓஇ, அதாவது காரை வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ், முடிய இன்னும் 5 மாதம். சில வாரங்களாக 30, 40 வேகத்தில் மெல்ல மிதிக்கும்போது வண்டி நடுங்குகிறது. சிக்னலில் நின்றால் ஏர்கான் சூடாக வருகிறது, ஓட ஆரம்பித்தால் சரியாகிவிடுகிறது. பட்டறையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, சிவிடி கியர்பாக்ஸ் ஓவர்ஹாலுக்கு 4,500 வெள்ளி, ஏர்கான் கம்ப்ரசருக்கு 1,300 வெள்ளி என்கிறார்கள். கார் விற்பவர் ஒருவர், இந்த வாரமே டிரேட்-இன் செய்தால், அதாவது பழையதைக் கொடுத்து அவரிடம் வேறு கார் வாங்கினால், 11,500 தருகிறேன், தாமதித்தால் மதிப்பு விழுந்துவிடும் என்று அவசரப்படுத்துகிறார். மனைவியோ சிஓஇயைப் புதுப்பிக்கலாம் என்கிறார். வாங்கியபோது ஏஆர்எஃப் என்ற கூடுதல் பதிவுக் கட்டணம் 18,000, சிஓஇ 48,000 கட்டினோம். வாரம் ஒரு முறை அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும், மாதம் ஒரு முறை ஜோகூர் போவோம். என்ன செய்யலாம்?

பதில்: இந்த வாரம் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். தாமதித்தால் மதிப்பு விழும் என்பதில் பாதிதான் உண்மை. எவ்வளவு விழும் என்று கணக்குப் போட்டால் பயம் போய்விடும்.

உங்கள் காரில் இரண்டு சரக்கு இருக்கிறது. ஒன்று இரும்பு, மற்றொன்று காகிதம். பதிவை ரத்து செய்தால் அரசாங்கம் திருப்பித் தருவதைத்தான் பேப்பர் வேல்யூ என்கிறார்கள். உங்களுடைய காலத்துக் கார்களுக்கு 9 ஆண்டு தாண்டி 10 ஆண்டுக்குள் ரத்து செய்தால், பார்ஃப் தொகையாகக் கட்டிய ஏஆர்எஃபில் 50 விழுக்காடு வரும். 18,000இல் பாதி 9,000. சிஓஇயில் மீதமுள்ள காலத்துக்கான பங்கும் வரும்: 48,000ஐ 120 மாதத்தால் வகுத்தால் மாதத்துக்கு 400, ஐந்து மாதத்துக்கு 2,000. ஆக 11,000. விற்பனையாளர் தருவதாகச் சொல்லும் 11,500இல் உங்கள் காரின் உடலுக்கு அவர் போட்ட விலை 500 வெள்ளிதான். இந்தக் கணக்கை என் வாயால் நம்ப வேண்டாம். போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்தில் சிங்பாஸ் போட்டு நுழைந்தால் உங்கள் வண்டிக்கான தொகை அப்படியே வரும். அங்கே கட்டிய ஏஆர்எஃப் எவ்வளவு என்றும் பாருங்கள். அந்தக் காலத்தில் புகை குறைந்த கார்களுக்குச் சலுகை கொடுத்து ஏஆர்எஃபைக் குறைத்தார்கள். உங்கள் காருக்கும் அப்படிக் குறைத்திருந்தால், பார்ஃபும் குறைத்துக் கட்டிய தொகையில்தான் பாதி.

கவனியுங்கள்: பத்தாவது ஆண்டு முழுக்க அந்த 50 விழுக்காடு அசையாது. இறங்குவது மாதம் 400 மட்டும். 400 வெள்ளித் தேய்மானத்தில் இன்னொரு கார் உங்களுக்கு இந்த ஊரில் கிடைக்காது. அவசரம் அவருக்கு, உங்களுக்கு இல்லை.

இப்போது இரும்புக்கு வருவோம். ஒரு சுற்று ஓட்டிவிட்டு 4,500 என்று சொன்ன பட்டறை கம்ப்யூட்டர் மாட்டிப் பார்த்ததா, எண்ணெயைத் திறந்து பார்த்ததா? உங்கள் கடிதத்தில் இரண்டும் இல்லை. நீங்கள் சொல்லும் நடுக்கத்துக்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். மூன்றும் சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றுபோலவே தெரியும்.

முதலில் என்ஜின் மவுண்ட், அதாவது என்ஜினைத் தாங்கிப் பிடிக்கும் ரப்பர். பிரேக்கை மிதித்தபடி டி-யில் நின்று பாருங்கள், ஸ்டீயரிங் அதிர்கிறதா? அப்படியே என்-க்கு மாற்றினால் அதிர்வு அடங்குகிறதா? அடங்கினால் மவுண்ட் ரப்பர் இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். பத்து வருட வெயிலுக்கு ரப்பர் அப்படித்தான் ஆகும்.

அடுத்தது இக்னிஷன் காயில், அதாவது ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் பாகம். இதைத்தான் பலரும் கியர்பாக்ஸ் என்று நினைத்து ஏமாறுகிறார்கள். மெல்ல மிதித்து ஏறும்போது ஒரு சிலிண்டரில் பெட்ரோல் பற்றாமல் தவறினால் வண்டி உதறும். அடுக்குமாடிக் கார்பேட்டையின் ஏற்றத்தில் நிதானமாக ஏற்றிப் பாருங்கள். என்ஜின் விளக்கு மினுக்கினால் சந்தேகம் இதன் மேல்தான். ஸ்கேனர் மாட்டினால் பி0301 முதல் பி0304 வரை ஒரு பிழைக் குறியீடு வரும். கடைசி எண்தான் சிலிண்டர் எண். பி0302 வந்தால், இரண்டாவது சிலிண்டரின் காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டச் சொல்லுங்கள். குறியீடும் பி0303 என்று கூடவே நகர்ந்தால் காயில்தான் குற்றவாளி. நகராமல் அங்கேயே நின்றால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். இரிடியம் பிளக்கும் 100,000 கிலோமீட்டருக்கு மேல் போனால் தேய்ந்திருக்கும். இது அரை மணி நேர வேலை. இதைச் செய்யாமல் கியர்பாக்சை இறக்கும் பட்டறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

இரண்டும் இல்லையென்றால் சிவிடி. இதில் மற்ற கியர்பாக்ஸ்போல வரிசையாகப் பற்சக்கரம் கிடையாது. இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஒரு எஃகு பெல்ட். எண்ணெய் அழுத்தத்தால் கப்பிகள் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கின்றன. எண்ணெய் கெட்டால் பிடி நழுவும். நழுவினால் கப்பியின் முகம் சிராய்க்கும். சிராய்த்த தூள் எண்ணெயோடு சுற்றி, எண்ணெய் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வ் பாடியை அடைக்கும், அழுத்தம் இன்னும் குறையும். அதனால் எண்ணெயை எந்த நிலையில் மாற்றுகிறோம் என்பது முக்கியம். கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நம் ஊர் வெக்கைக்கும் நெரிசலுக்கும் 40,000 முதல் 60,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது.

பட்டறையில் நட்டை மட்டும் கழற்றி வடிக்கவேண்டாம், அடித்தட்டையே இறக்கச் சொல்லி அருகில் நின்று பாருங்கள். தட்டின் உள்ளே சிறு காந்தங்கள் இருக்கும். அவற்றின்மேல் சாம்பல் நிறத்தில், விரலில் தேய்த்தால் பசைபோல் குழையும் தூள் இருந்தால் அது வயதுக்கேற்ற தேய்மானம், கவலை வேண்டாம். விரலில் நறநறவென்று தட்டினால், வெளிச்சத்தில் மினுங்கும் சில்லுகள் தெரிந்தால், பெல்ட்டோ கப்பியோ போய்க்கொண்டிருக்கிறது. புது எண்ணெய் அதைக் காப்பாற்றாது. பசை மட்டும்தான் என்றால் எண்ணெய் மாற்றுங்கள். ஒரு தடவை வடித்தால் பாதி அளவுதான் வெளியே வரும். சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இன்னொரு தடவை வடித்து நிரப்ப வேண்டும். உங்கள் கார் கையேட்டில் போட்டிருக்கும் சிவிடி எண்ணெய்தான்; சாதாரண ஆட்டோ கியர் எண்ணெயை ஊற்றினால் பெல்ட் வழுக்கிவிடும். அளவை எண்ணெய் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போது பார்க்க வேண்டும். இயந்திரம் வைத்து அழுத்தமாகக் கழுவித் தருகிறேன் என்பவரிடம் இந்த வயசு வண்டியைக் கொடுக்காமல் இருப்பதே என் விருப்பம்.

ஏர்கான் விஷயம் சுருக்கமாக: ஓடினால் குளிர்ச்சி, நின்றால் சூடு என்றால் முதல் சந்தேகம் முன்னால் இருக்கும் விசிறி மீது, கம்ப்ரசர் மீது இல்லை. பானட்டைத் திறந்து, ஏர்கானைப் போட்டு, விசிறி சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றுகிறது என்றால் கண்டென்சர் அடைப்பையும் கேஸ் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். 1,300 பேச்சு அதற்குப் பிறகுதான்.

கியர்பாக்ஸ் உண்மையிலேயே போயிருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். 4,500ஐ மீதமுள்ள 5 மாதத்தால் வகுத்தால் மாதம் 900. சிஓஇ தேய்மானம் 400ஐயும் சேர்த்தால் 1,300. அது பணத்தை வாய்க்காலில் விடுவது. அதே 4,500ஐ, சிஓஇயை 10 ஆண்டுக்குப் புதுப்பித்து 120 மாதத்தால் வகுத்தால் மாதம் 38 வெள்ளி கூட இல்லை. ஒரே ரிப்பேர், காகிதம் எத்தனை மாதம் என்பதை வைத்துத்தான் அது விலை கூடியதா குறைந்ததா என்று தெரியும். அதனால் முதலில் காகிதத்தை முடிவு செய்யுங்கள், பிறகு ஸ்பேனரைத் தொடலாம்.

புதுப்பிக்கக் கட்டுவது பிகியூபி, அதாவது கடந்த மூன்று மாத சிஓஇ விலைகளின் சராசரி, மாதாமாதம் மாறும். கணக்குக்கு 100,000 வெள்ளி என்று வைப்போம். புதுப்பித்த மறுகணம் அந்த 9,000 பார்ஃப் போய்விடும், அதையும் செலவில் சேர்க்க வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். 10 ஆண்டுக்கு 109,000, மாதம் 908. 5 ஆண்டுக்குப் பாதி பிகியூபிதான், ஆனால் பார்ஃப் இழப்பு பாதியாகாது: 59,000, மாதம் 983. அதோடு, 5 ஆண்டுக்கு எடுத்தால் மறுபடி புதுப்பிக்க முடியாது, முடிந்ததும் வண்டி போயே ஆக வேண்டும். கையில் பணம் இருந்தால் 10 ஆண்டு எடுங்கள். நடுவில் அலுத்துப்போய் ரத்து செய்தாலும் மீதிக் காலத்துக்கு சிஓஇப் பணம் திரும்ப வரும். கடன் வாங்கித்தான் கட்ட வேண்டும் என்றால் வட்டியையும் சேர்த்து மாதக் கணக்கைத் திருப்பிப் போடுங்கள்.

இதன்மேல் சாலை வரி. 1,598 சிசிக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 742 வெள்ளி. 10 ஆண்டு தாண்டினால் 10 விழுக்காடு கூடுதல், பிறகு ஆண்டுக்கு ஆண்டு 10 ஏறி, 14 ஆண்டுக்கு மேல் 50 விழுக்காட்டில் நிற்கும். அப்போது ஏறத்தாழ 1,113. பரிசோதனையும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை என்பது போய் ஆண்டுதோறும் என்றாகும். முழுக் காப்பீடு தரத் தயங்கும் நிறுவனங்களும் உண்டு. பிகியூபி கட்டும் முன் காப்பீட்டு விலையைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

கியர்பாக்ஸ் மட்டும் கெட்டிருப்பது புதுப்பிக்காமல் விடக் காரணமாகாது. மற்றவற்றைப் பாருங்கள். என்ஜின் ஆயில் 1,000 கிலோமீட்டரில் அரை லிட்டர் குறைகிறதா? கூலன்ட் அடிக்கடி ஊற்ற வேண்டியிருக்கிறதா? கூரையிலும் அடியிலும் துரு வந்துவிட்டதா? இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் நான் புதுப்பிக்க மாட்டேன். எல்லாம் இல்லை என்றால் புதுப்பிக்கலாம். மவுண்ட், அப்சார்பர், லோயர் ஆர்ம் புஷ், ரேடியேட்டர், வாட்டர் பம்ப் என்று செலவு வரிசையாக வரும். மாதம் 150 வெள்ளி தனியாக எடுத்து வைத்தால் சமாளிக்கலாம்.

ஜோகூரில் கியர்பாக்ஸ் வேலை மலிவுதான். ஆனால் உத்தரவாதமும் அங்கேயேதான் இருக்கும். இரண்டு மாதம் கழித்து மறுபடி நடுங்கினால், எல்லை தாண்டக் கட்டாயமான முக்கால் டேங்க் பெட்ரோலோடு நடுங்குகிற வண்டியைக் கடற்பாலத்தின் நெரிசலில் ஓட்டிப் போக வேண்டும்.

மாற்று கார் பார்த்தால், விலையிலிருந்து அதன் குறைந்தபட்ச பார்ஃபை, அதாவது பத்தாவது ஆண்டில் கிடைக்கும் தொகையை, கழித்து, மீதமுள்ள மாதங்களால் வகுங்கள். 75,000 வெள்ளி, பார்ஃப் 8,000, மீதி 5 ஆண்டு என்றால் மாதம் 1,117. அதை 908 கூட்டல் 38 கூட்டல் 150 என்ற உங்கள் 1,096க்கு எதிரே வைத்துப் பாருங்கள். வித்தியாசம் 21 வெள்ளிதான். அப்படியிருக்க நன்றாகத் தெரிந்த வண்டியை விட்டு, இன்னொருவர் ஓட்டிய வண்டிக்கு நான் மாற மாட்டேன். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், விற்பனையாளரிடம் முதலில் டிரேட்-இன் இல்லாமல் கார் என்ன விலை என்று கேட்டு எழுதி வாங்குங்கள், பழைய காரின் பேச்சை அதன் பிறகு எடுங்கள். பழையதற்கு 2,000 கூட்டித் தந்து, புதியதில் தள்ளுபடியைச் சத்தமில்லாமல் குறைப்பது பழைய வித்தை. உடலுக்கு மட்டும் ஏற்றுமதி செய்பவர்கள், ஸ்கிராப் யார்டுகள் என்று மூன்று இடத்திலாவது விலை கேளுங்கள்.

புதுப்பிப்பதில்லை என்று முடிவானால், காந்தத்தில் சில்லு இல்லாதவரை ஓட்டுங்கள். சிஓஇ முடிய இரண்டு வாரம் இருக்கும்போது ரத்து செய்யுங்கள். கடைசி நாள்வரை இழுத்து மிச்சம் பிடிப்பது 200 வெள்ளிக்குள்தான், அதற்காகப் பரபரப்பு வேண்டாம். சில்லு இருந்தால் அம்மாவை ஏற்றிக்கொண்டு விரைவுச்சாலையில் போகாதீர்கள். உடனே ரத்து செய்து மீதி சிஓஇப் பணத்தை வாங்கிக்கொண்டு, அதில் டாக்சி பிடியுங்கள். பயன்படுத்தாத சாலை வரியும் திரும்ப வரும். காப்பீட்டை மட்டும் நீங்களே ரத்து செய்து மீதியைக் கேட்டு வாங்க வேண்டும்.