வாசகர் கேள்வி: காதி நீதிமன்றமும் ஒரு முதற் படமும்

கேள்வி (சம்மாந்துறை வாசகி): இலங்கையின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தால் பாதிக்கப்படும் ஒரு பெண்ணின் கதையை நமது பகுதி இளைஞர்கள் சிலர் சொந்தப் பணத்தில் படமாக்கி, அண்மையில் கல்முனையில் திரையிட்டார்கள். சென்ற இதழில் நீங்கள் அதை 'அரைவேக்காடு' என்று எழுதியிருந்தீர்கள். ஊரின் எதிர்ப்பைத் தாங்கிக்கொண்டு எடுத்தவர்களை இப்படிக் குறை சொன்னால், இனி இந்த விடயத்தை யார் தொடுவார்கள்?

பதில்: ஒலிவாங்கியில் கடற்காற்று இரைந்ததையும், உம்மாவாக நடித்தவர் வசனத்தை ஒப்புவித்ததையும் மனத்திற்கொண்டு நான் அப்படி எழுதவில்லை. கையில் காசில்லாதவர்களின் முதற் படத்தில் இவை இருக்கக்கூடியவைதாம். தாம் எதிர்க்கும் சட்டத்தை அவர்கள் ஒருமுறையேனும் வாசித்துப் பார்க்கவில்லை என்பதே என் குறை.

காவின், அதாவது திருமணப் பதிவு, எழுதும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பதினைந்து வயது மணமகள் அழுதுகொண்டே பதிவேட்டில் கையொப்பமிடுகிறாள். பேனா முனை நடுங்குவதைக் கமரா நெருங்கிச் சென்று காட்டுகிறது. மண்டபத்தில் பலர் கண்கலங்கினார்கள். ஆனால் 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டமான இந்த விவாகச் சட்டம் மணமகளின் கையொப்பத்தைக் கேட்பதே இல்லை. அவளுடைய 'வலி' எனப்படும் மணப் பொறுப்பாளராகிய வாப்பாவோ வேறோர் ஆண் உறவினரோ ஒப்பமிடுவதோடு காரியம் முடிந்துவிடுகிறது. சட்டத் திருத்தம் கோரும் முஸ்லிம் பெண்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் முறைப்பாடுகளில் இதுவும் ஒன்று. முன்விறாந்தையில் ஆண்கள் ஒப்பமிட்டு முடிக்கும்வரை அவள் உள்ளறையில் உட்கார்ந்திருப்பதைக் காட்டியிருந்தால், கண்ணீருக்கே தேவை இருந்திராது. இயக்குநரோ, அவளுக்கு மறுக்கப்பட்ட உரிமையைத் தாமாகவே வழங்கிவிட்டு, அதன்மேல் அவளை அழவைத்திருக்கிறார்.

தலாக் சொன்ன கணவன் மனைவியை நள்ளிரவில் வீட்டைவிட்டு வெளியே தள்ளும் காட்சி என்னை இதைவிட அதிகமாக உறுத்தியது. இந்தியத் தொலைக்காட்சித் தொடர்களில் பார்த்துச் சலித்த காட்சி அது. காத்தான்குடியிலும் அக்கரைப்பற்றிலும் வீடு பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுக்கப்படுவதே வழக்கம். மாப்பிள்ளைதான் அங்கே குடிவருகிறார், பிரிவு ஏற்பட்டால் பெட்டியைத் தூக்க வேண்டியவரும் பெரும்பாலும் அவரே. இங்கே பெண்களுக்குத் துன்பமில்லை என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வீட்டைக் கட்டுவதற்காக உம்மா மத்திய கிழக்கில் பணிப்பெண்ணாக உழைத்த ஆண்டுகளும், மாப்பிள்ளைக்குக் கைக்கூலியாகக் கொடுத்த சீதனப் பணத்தைத் திரும்பப் பெறவும் பிள்ளைச் செலவுக்கு ஒரு கட்டளை வாங்கவும் முஸ்லிம் குடும்ப வழக்குகளை விசாரிக்கும் காதி நீதிமன்றத்துக்கு மகள் அலையும் அலைச்சலும் நம் கண்முன்னே இருக்கின்றன. அவற்றில் ஒன்றுகூடப் படத்தில் இல்லை.

இறுதிக் காட்சியில் ஓர் இளம் சட்டத்தரணி அந்த நீதிமன்றத்தின் நீதிபதியான காதியார் முன்னிலையில் முழங்குகிறாரே, அதற்கும் சட்டத்தில் இடமில்லை: காதி நீதிமன்றத்தில் கட்சிக்காரருக்காகச் சட்டத்தரணி தோன்ற முடியாது. ஆண் மட்டுமே வகிக்கக்கூடிய பதவியில் இருப்பவரிடம், தன் வீட்டு அந்தரங்கத்தை அவள் துணையின்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எதிர்த்தரப்பைப் பற்றியும் ஒரு சொல். சட்டத்தில் கைவைக்கக் கூடாது என்போர் எல்லாரும் படத்தில் தாடியைத் தடவிக்கொண்டு சிரிக்கும் வில்லன்களாகவே வருகிறார்கள். இந்தச் சட்டத்தின் திருத்தங்களை ஆராய 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் அமைக்கப்பட்ட குழு 2018இல் அறிக்கை கொடுத்தபோது, அதன் உறுப்பினர்களே இரு தரப்பாகப் பிரிந்துதான் பரிந்துரைத்தார்கள். மார்க்கப் பற்றினால் தயங்குபவர்கள் இருக்கிறார்கள். 2019இன் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு, எதை மாற்றினாலும் அது இனவாதிகளுக்கு வாய்ப்பாகிவிடுமோ என்று அஞ்சுபவர்களும் இருக்கிறார்கள். அந்த அச்சத்தைப் பேச ஒரு பாத்திரமேனும் இருந்திருக்க வேண்டும்.

இனி யார் தொடுவார்கள் என்று கேட்கிறீர்கள். திரையிடல் முடிந்து வெளியே வந்தபோது, படத்தை விரும்பாதவர்கள் பிடித்துக்கொண்டது அந்தக் கையொப்பக் காட்சியைத்தான். "காவின் எப்படி எழுதுவது என்றே தெரியாதவர்கள் நமக்குப் பாடம் நடத்துகிறார்கள்" என்று ஒருவர் சொல்ல, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பதினைந்து வயதில் ஒரு பிள்ளைக்குத் திருமணம் நடந்ததைப் பற்றி அங்கே யாரும் வாய் திறக்கவில்லை.